ஆங்கில ஐயங்கள் சில

ஆங்கிலம் கற்றவர்களுக்கு அம்மொழியில் இடர் விளைப்பவை பெருஞ்சொற்கள் அல்ல. நீண்ட சொல் ஒன்று எதிர்ப்பட்டால் அகராதியைப் புரட்டுகிறோம், பொருள் விளங்கிவிடுகிறது. ஐயம் எழுவதெல்லாம் சிறு சொற்களில்தான். ‘மே’ என்று எழுதுவதா, ‘ஷல்’ என்று எழுதுவதா? ‘ஒன்லி’ என்ற சொல்லை வாக்கியத்தின் எந்த இடத்தில் வைப்பது? ‘எ’ என்னும் ஓரெழுத்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் காற்புள்ளி வேண்டுமா, வேண்டாமா? அலுவலகத்தில் கடிதம் வரைவோரும், வழக்கு மன்றத்தில் ஆவணம் படிப்போரும், தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் மாணவரும் ஓயாமல் கேட்கும் கேள்விகள் இவை.

இக்கேள்விகளுக்கு அகராதி விடை கூறுவதில்லை. பள்ளி இலக்கண நூல் கூறும் விடையும் பல சமயங்களில் போதுவதில்லை. ஆனால், தமிழ் இலக்கணத்தை ஓரளவு நினைவில் வைத்திருப்பவர்க்கு ஆங்கிலத்தின் இந்நுட்பங்கள் எளிதில் புலப்படும் என்பது மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருக்கும் என்போன்றோரின் அனுபவம். அந்த அனுபவத்தைத் துணையாகக் கொண்டு சில ஐயங்களை இங்கே ஆராய்வோம்.

முதலில் ‘மே’ என்னும் துணைவினையை எடுத்துக்கொள்வோம். இதனை அற்பமான சொல் என்று எண்ணுவோர் 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தின் வரலாற்றை நினைவுகூர்தல் நலம். நம் அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மத்திய அரசின் அலுவல்களில் ஆங்கிலம் தொடர்ந்து வழங்கிவர வேண்டும் என்று விதித்தது. அங்கே ஆளப்பட்ட துணைவினை ‘ஷல்’. அந்தக் கெடு 1965 சனவரி 26ஆம் நாளோடு நிறைவெய்த இருந்தது. அதற்குப் பின்னரும் ஆங்கிலம் நீடிப்பதற்கு வழிசெய்யவே 1963ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் மூன்றாம் பிரிவில் ஆளப்பட்ட துணைவினையோ ‘மே’. இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது அந்தப் பிரிவு.

‘வேண்டும்’ என்றிருந்தது ‘லாம்’ என்று மாறியதன் கருத்து யாது? நாடாளுமன்றத்தில் எழுந்த வினா இதுவே. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அறிஞர் அண்ணா ‘மே’ என்பதற்குப் பதிலாக ‘ஷல்’ என்ற சொல் இடம்பெற வேண்டும் என்று வாதாடினார். பயன்படுத்தலாம் என்று கூறும் சட்டம் பயன்படுத்தாமலும் இருக்கலாம் என்பதற்கு இடந்தருகிறது என்பது அத்தரப்பினரின் அச்சம். பிரதமர் நேருவோ, அவ்விடத்தில் ‘மே’ என்பது ‘ஷல்’ என்பதன் பொருளையே தரும் என்று விளக்கினார். சொல் மாற்றப்படவில்லை. 1964ஆம் ஆண்டில் நேரு மறைந்தார். 1965 சனவரியில் அந்தக் கெடு நெருங்கியபோது அன்றைய சென்னை மாநிலத்தில் பெருங்கிளர்ச்சி மூண்டது; உயிர்கள் பல பலியாயின. அக்கிளர்ச்சிக்கு ஒரு துணைவினையே காரணம் என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதன் வேர்கள் ஆழமானவை. எனினும், வாக்குறுதி வேறு, சட்டத்தின் சொல் வேறு என்ற ஐயத்திற்கு அந்தத் துணைவினை ஓர் உருவம் கொடுத்தது என்பதை மறுக்க இயலாது. 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களுக்கும் மத்திய அரசுக்கும் இடையே நிகழும் தொடர்புகளில் ஆங்கிலம் பயன்படுத்தப்படுதல் வேண்டும் என்று ‘ஷல்’ இட்டு எழுதியது. மேலும், அம்மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானித்தாலன்றி அந்த ஏற்பாடு நீங்காது என்ற காப்பையும் சேர்த்தது.

இலக்கண நோக்கில் இருவரில் யார் கூறியது சரி? ‘மே’ என்பதற்கு நேரான தமிழ் ‘லாம்’ என்னும் ஈறு. ‘நீ போகலாம்’ என்பது அனுமதி. ‘மாலையில் மழை வரலாம்’ என்பது நிகழக்கூடும் என்ற ஊகம். ஆங்கிலத்திலும் ‘மே’ இவ்விரண்டையும் குறிக்கும். இவற்றோடு, சட்டத்தில் அது ஒருவருக்கு அதிகாரம் அளிப்பதையும் குறிக்கும். அதிகாரம் உடையவன் அதனைச் செலுத்தியே தீரவேண்டும் என்ற கட்டாயம் அச்சொல்லில் இல்லை. ஆகவே, அச்சத்திற்கு இலக்கணத்தில் இடம் இருக்கவே செய்தது. ஆனால், அதிகாரத்தோடு கடமையும் பிணைந்திருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டென்றும், அப்பிணைப்பு சூழ்நிலையால் ஏற்படுவதேயன்றிச் சொல்லின் இயல்பால் ஏற்படுவதன்று என்றும் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1880ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பிஷப்பைப் பற்றிய வழக்கில் விளக்கியிருக்கிறது. நேரு கூறிய பொருளுக்கும் வழக்குண்டு என்பது இதனால் தெளிவாகும். இரு பொருளுக்கும் இடம் இருந்தது என்பதே அச்சொல்லின் குறை.

இதில் நாம் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தொல்காப்பியர் இடையியலில் ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்கள் வகுக்கிறார். அவற்றுள் ஒன்று எதிர்மறை. ‘அவர் ஒப்புவதற்கும் இடமுண்டு’ என்றால், ஒப்பாமைக்கும் இடமுண்டு என்ற பொருள் அந்த உம்மையிலேயே உள்ளடங்கிக் கிடக்கிறது. மறுத்துச் சொல்லாமலே மறுப்பைச் சுட்டும் இந்நுட்பத்தை அறிந்த தமிழருக்கு, ‘மே’ என்ற சொல்லுக்குள் ‘மே நாட்’ மறைந்திருக்கிறது என்பது புதுமையாகத் தோன்றியிராது.

‘மே நாட்’ என்பதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘ஹி மே நாட் கோ’ என்றால் ‘அவன் போகக்கூடாது’ என்றும் கொள்ளலாம். ‘அவன் போகாமலிருக்கலாம்’ என்றும் கொள்ளலாம். முன்னது தடை, பின்னது ஊகம். தமிழ் இவ்விரண்டையும் வெவ்வேறு வினைமுற்றுக்களால் கூறுகிறது. மொழிபெயர்ப்பவன் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். மூலத்தில் தடைதான் கருத்து என்றால் ‘ஷல் நாட்’ அல்லது ‘மஸ்ட் நாட்’ என்று எழுதுவதே தெளிவு.

இனி ‘ஷல்’, ‘வில்’ ஆகியவற்றைப் பார்ப்போம். தன்மை இடத்தில் வெறும் எதிர்காலத்தைக் குறிக்க ‘ஷல்’ வரும், முன்னிலையிலும் படர்க்கையிலும் ‘வில்’ வரும் என்பது நம் முன்னோர் மனப்பாடம் செய்த விதி. இதனை ஜான் வாலிஸ் என்பார் 1653ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் காணலாம். ஆங்கிலேயர் தம் பேச்சில் இவ்விதியை எக்காலத்தும் முழுமையாகப் பின்பற்றியதில்லை. இன்று எதிர்காலத்திற்கு மூவிடத்திலும் ‘வில்’ எழுதுவது பிழையாகாது. ‘ஷல்’ என்பது படர்க்கையில் வந்தால் அது காலத்தை அன்று, கடமையையே குறிக்கும். சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் அது பெற்றிருக்கும் இடம் இதனால்தான்.

ஆயினும் ‘ஷல்’ என்பதும் இரும்புச் சொல் அன்று. அரசு ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது தேர்வாணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று அரசியலமைப்பின் 320ஆம் பிரிவு ‘ஷல்’ இட்டுக் கூறுகிறது. அவ்வாறு கலந்துகொள்ளாமையால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அங்கே அச்சொல் நெறிகாட்டுவதே அன்றிக் கட்டுப்படுத்துவதன்று என்பது நீதிமன்றத்தின் கருத்து. இத்தகைய ஐயங்களைக் கண்டே, தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரைந்தோர் கடமையைக் கூறும் இடங்களில் ‘மஸ்ட்’ என்ற சொல்லை ஆண்டனர். கடிதம் வரையும் நேயர்களுக்கும் இது நல்ல வழி. கட்டளையானால் ‘மஸ்ட்’; உரிமையானால் ‘மே’; எதிர்காலமானால் ‘வில்’. ஒரே ஆவணத்தில் ஒரு சொல்லை ஒரே பொருளில் ஆள்வது இன்றியமையாதது.

அடுத்து, காற்புள்ளியைப் பற்றிய கேள்வி. பட்டியலில் ‘அண்டு’, ‘ஆர்’ ஆகியவற்றுக்கு முன்னே காற்புள்ளி இடுவது சிலர் வழக்கம். இடாமை வேறு சிலர் வழக்கம். இரண்டும் ஏற்புடையனவே. ஆனால், பொருள் மயங்கும் இடத்தில் அது பணத்தையும் பாதிக்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியம் பற்றிய சட்டம் ஒன்று, அவ்வூதியத்திற்கு உரிமையில்லாத வேலைகளை வரிசையாகக் கூறியது. பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் என்று தொடர்ந்த அப்பட்டியலின் இறுதியில் கட்டுதலும் வினியோகமும் காற்புள்ளி இன்றி வந்தன. பால் நிறுவனம் ஒன்றின் வண்டியோட்டிகள் வழக்காடினர். ‘அனுப்புவதற்காகவோ வினியோகத்திற்காகவோ கட்டுதல்’ என்பதே சட்டத்தின் பொருள், நாங்கள் வினியோகிக்கிறோமேயன்றிக் கட்டுவதில்லை, ஆகவே எங்களுக்கு ஊதியம் உண்டு என்பது அவர்கள் வாதம். நிறுவனமோ, ‘அனுப்புவதற்காகக் கட்டுதல்’ ஒரு வேலை, ‘வினியோகித்தல்’ மற்றொரு வேலை என்றது. 2017ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் சொல் மயக்கத்திற்கு இடந்தருவதாகக் கண்டு, தொழிலாளர் பக்கம் தீர்ப்புக் கூறியது. மறு ஆண்டில் ஐம்பது இலட்சம் டாலருக்கு அவ்வழக்குச் சமரசமாக முடிந்தது.

இந்த மயக்கம் தமிழில் எழாது. ‘ஓ’ என்னும் இடைச்சொல்லும் எண்ணும்மையும் எந்தச் சொல்லோடு ஒட்டுகின்றனவோ அந்தச் சொல்லையே எண்ணுகின்றன. ‘கட்டுதலும் வினியோகித்தலும்’ என்றால் இரு வேலைகள். ‘அனுப்புவதற்காகவோ வினியோகத்திற்காகவோ கட்டுதல்’ என்றால் ஒரே வேலை. ஆங்கில வாக்கியம் ஒன்று பட்டியலாக நீளும்போது அதனைத் தமிழில் உம்மை கொடுத்துச் சொல்லிப் பார்த்தால், காற்புள்ளி எங்கே வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

ஆனால் எல்லா இடத்திலும் தமிழ்தான் தெளிவுடையது என்று எண்ணிவிடலாகாது. ‘மழையில் நனைந்த கோப்புகள் அழிக்கப்பட்டன’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். எல்லாக் கோப்புகளும் நனைந்தனவா, அன்றி, சில நனைய அவை மட்டும் அழிக்கப்பட்டனவா? நம் பெயரெச்சம் இதனைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஆங்கிலமோ, ‘விச்’ என்று தொடங்கும் அடைத்தொடரின் இருபுறமும் காற்புள்ளி இட்டால் எல்லாக் கோப்புகளும் என்று பொருள். இடாவிட்டால் நனைந்தவை மட்டும் என்று பொருள். ‘ஹூ’ என்ற சொல்லுக்கும் இதுவே விதி. ஊழியர்களைப் பற்றிய ஆணையில் இத்தகைய இரு காற்புள்ளிகளைத் தவறாக இட்டால், சிலருக்கு உரிய கட்டளை எல்லார்மீதும் பாயும். தமிழில் இதே தெளிவைப் பெற, ‘நனைந்த கோப்புகள் மட்டும்’ என்றோ, ‘கோப்புகள் நனைந்துவிட்டமையால் அவை’ என்றோ விரித்தெழுத வேண்டும்.

‘ஒன்லி’ என்ற சொல்லை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் நம் மொழியே வழிகாட்டும். ‘எழுத்தர் மட்டும் திங்களன்று கையெழுத்திட்டார்’, ‘எழுத்தர் திங்களன்று மட்டும் கையெழுத்திட்டார்’, ‘எழுத்தர் திங்களன்று கையெழுத்து மட்டும் இட்டார்’ ஆகிய மூன்றும் மூன்று செய்திகள். ஆங்கிலேயர் பேச்சில் ‘ஒன்லி’ என்பதை வினைக்கு முன் வைத்துவிட்டுக் குரலின் அழுத்தத்தால் பொருளை உணர்த்துவர். எழுத்தில் குரல் இல்லை. ஆதலால், எச்சொல்லை வரையறுக்க விரும்புகிறோமோ அதனை ஒட்டியே அதை வைப்பது முறை. ‘ஆல்’ என்பதும் ‘நாட்’ என்பதும் ஒரே வாக்கியத்தில் வரும்போதும் எச்சரிக்கை தேவை. ‘ஆல் அப்ளிகேஷன்ஸ் ஆர் நாட் அக்செப்டெட்’ என்றால் ஒன்றும் ஏற்கப்படவில்லையா, சில ஏற்கப்படவில்லையா என்று விண்ணப்பித்தவர் தவிப்பார். ஒன்றும் இல்லையென்றால் ‘நோ’ என்று தொடங்குக. சில இல்லையென்றால் ‘நாட் ஆல்’ என்று தொடங்குக.

‘எ’ என்னும் சுட்டுச்சொல்லை நம்மவர் பலர் அலங்காரமாகவே எண்ணுகின்றனர். ‘எ ஃபியூ’ என்றால் சிலர் வந்தனர். வெறும் ‘ஃபியூ’ என்றால் சிலரே வந்தனர். முன்னதில் மனநிறைவு, பின்னதில் ஏமாற்றம். நோயாளியைப் பற்றி மருத்துவர் ‘தேர் இஸ் எ லிட்டில் ஹோப்’ என்றால் சற்று நம்பிக்கை உண்டு. ‘தேர் இஸ் லிட்டில் ஹோப்’ என்றால் நம்பிக்கை இல்லை என்றே கொள்ளவேண்டும். நாம் ஏகாரத்தால் செய்வதை ஆங்கிலம் ஓரெழுத்தை நீக்கிச் செய்கிறது.

காலத்தைப் பற்றிய ஐயங்களும் பல. ‘நான் பத்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்’ என்பது நல்ல தமிழ். இதில் நிகழ்காலமே வருகிறது. இதனை அப்படியே பெயர்த்து, ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதுவோர் உளர். இதில் இரு பிழைகள் உள்ளன. முன்பு தொடங்கி இன்றும் நீடிக்கும் செயலுக்கு ‘ஹாவ் பீன்’ வரவேண்டும். ‘சின்ஸ்’ என்பது தொடங்கிய காலத்தைக் குறிக்கும் நம் ‘முதல்’ என்பதற்கு நிகர். கால அளவைக் குறிக்கும் ‘ஆக’ என்பதற்கு நிகரானது ‘ஃபார்’. வேலைக்கு விண்ணப்பம் எழுதுவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று இறந்தகாலத்தில் எழுதினால், அந்த வேலையை விட்டு விலகிவிட்டார் என்றே படிப்பவர் கருதுவார். இவ்வாறே, அறிதல், உடைமை, விருப்பம் முதலிய நிலைகளைக் குறிக்கும் வினைகள் ‘இங்’ ஈற்றோடு வருதல் பொதுவாக ஆங்கில மரபன்று. ‘ஐ ஆம் நோயிங்’ என்பது நம் ‘அறிந்திருக்கிறேன்’ என்பதன் நிழல்.

நாள் குறிப்பதிலும் மயக்கம் வரும். ‘பை’ என்பது ‘20ஆம் தேதிக்குள்’. ‘டில்’ என்பது ‘20ஆம் தேதி வரை’. பணத்தைக் கட்டி முடிப்பதற்கு முன்னது. கடை திறந்திருப்பதற்குப் பின்னது. ‘ஃப்ரம்’, ‘டு’ ஆகியவற்றை ஆண்டு கால அளவு கூறும்போது முதல் நாள் சேருமா என்று கேட்பதுண்டு. மத்தியச் சட்டங்களைப் பொறுத்தவரை, ‘ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்’ எனப்படும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு இதற்கு விடை தந்திருக்கிறது. ‘ஃப்ரம்’ என்பது முதல் நாளை விலக்கும். ‘டு’ என்பது இறுதி நாளை உட்கொள்ளும். மற்ற ஆவணங்களில் இரு நாட்களும் உட்பட என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே பாதுகாப்பு.

மரபுத்தொடர்களைப் பற்றி ஒரு சொல். ஒரே ஆங்கிலம் நாடுதோறும் வெவ்வேறாக வழங்குகிறது. ‘டேபிள்’ என்பதை வினையாக ஆளும்போது, பிரிட்டனிலும் நம் நாட்டிலும் விவாதத்திற்குக் கொண்டுவருதல் என்று பொருள். அமெரிக்காவில் ஒத்திவைத்தல் என்று பொருள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இச்சொல்லைக் கொண்டு இரு நாட்டுப் படைத்தலைவர்களும் நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இரு தரப்பினரும் விரும்பியது ஒன்றே என்பது பின்னரே புலனாயிற்று. ‘சாங்க்ஷன்’ என்ற சொல்லோ ஒரே நாட்டில் இரு முகம் காட்டுகிறது. அலுவலகக் கோப்பில் அது ஒப்பளிப்பு. உலகச் செய்தியில் அது ஒரு நாட்டின்மீது விதிக்கும் தடை. இத்தகைய சொற்களுக்குச் சூழலே அகராதி.

கடைசியாக, அஞ்ச வேண்டாத விதிகள் சிலவற்றையும் கூறிவிடுதல் வேண்டும். வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. டிரைடன் என்னும் கவிஞர் 1672ஆம் ஆண்டில் பென் ஜான்சனின் நடையில் இதனைக் குறையாகக் கூறினார். பின்னர் இலக்கண ஆசிரியர்கள் அதனை விதியாக வளர்த்தனர். ‘டு’ என்பதற்கும் வினைக்கும் இடையே வேறு சொல் நுழையலாகாது என்பது மற்றொன்று. இது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. நல்ல ஆங்கில எழுத்தாளர் எவரும் இவற்றுக்கு அடிமைப்பட்டிலர். பிரிட்டிஷ் அரசின் நிதித்துறை கேட்டுக்கொண்டதற்கிணங்க எர்னஸ்ட் கவர்ஸ் என்பார் அலுவலர்களுக்காக 1948ஆம் ஆண்டில் எழுதிய சிறு நூலின் நோக்கமும், எழுதியவர் கருதியதைப் படிப்பவர் எளிதில் அறியவேண்டும் என்பதே.

ஆதலின் நேயர்கள் ஒரு பழக்கத்தை மேற்கொள்வது நலம். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை எழுதி முடித்தவுடன், அதனைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதற்கு இரு தமிழ் வாக்கியங்கள் பொருந்துமாயின், அந்த ஆங்கிலம் இன்னும் திருந்தவேண்டும் என்று அறிக. நண்பர்கள் நமக்கு வேண்டிய பொருளைக் கொள்வர். வழக்காடுவோர் தமக்கு வேண்டிய பொருளைக் கொள்வர். நம் எழுத்தை இவ்விருவருமே படிப்பார்கள் என்பதை நினைவில் இருத்தி எழுதுவோமாக.